சுவரைப் பார்த்தோம், செடியைப் பார்த்தோமா?

கொச்சியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு. விடுமுறையில் ஊரிலிருந்து வரும் உறவினருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதே அந்த உத்தியோகம். 1986-இல் வேலை கிடைத்து இங்கு வந்த நாள் முதல் நானும் அதைத் தவறாமல் பார்த்து வருகிறேன். காலையில் ஃபோர்ட் கொச்சியில் சீன வலை, பிறகு செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம், அங்கிருந்து ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரி. டச்சு அரண்மனைக்கு இருபது நிமிடம், யூதத் தெருவில் பேரம் பேச ஒரு மணி நேரம், மாலையில் படகு, இரவு இடப்பள்ளியில் லுலு மால். இந்தப் பட்டியல் நம்மில் பலருக்கும் மனப்பாடம்.

சென்ற கோடை விடுமுறையில் மதுரையிலிருந்து என் தங்கையும் மாப்பிள்ளையும் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தியுடன் வந்திருந்தார்கள். என் பேரனுக்கும் ஏறக்குறைய அதே வயது. வழக்கம்போல் எல்லோரையும் அழைத்துக்கொண்டு டச்சு அரண்மனைக்குப் போனேன். மன்னரின் பள்ளியறையில் சுவர் முழுதும் இராமாயணக் காட்சிகள். "பார்த்தாச்சுல்ல மச்சான், கிளம்புவோமா? வெயில் ஏறுது" என்றார் மாப்பிள்ளை. பேத்தி மட்டும் நகரவில்லை. சுவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, இந்தப் பச்சையை எதை அரைச்சு எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"பெயிண்ட் கடையில வாங்கியிருப்பாங்க" என்றான் என் பேரன். "நானூறு வருஷத்துக்கு முந்தி ஏதுடா பெயிண்ட் கடை?" என்று அவள் மடக்கினாள். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஏதோ இலைச்சாறு" என்று சொல்லி மழுப்பினேன். "எந்த இலை?" என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எத்தனையோ முறை வழிகாட்டியாக வந்திருக்கிறேன். ஒரு முறைகூட பார்வையாளனாக வந்ததில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

அந்த ஒரு கேள்வி என்னைப் பல மாதங்கள் படிக்க வைத்தது. அதன் பயனாக எனக்கு ஏற்பட்ட கருத்தை நம் சங்க அன்பர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். பழங்கலைக் கூடம் ஒன்றைப் பார்ப்பதென்றால் சுவரை மட்டும் பார்த்தால் போதாது. அந்தச் சுவர் எந்த மண்ணிலிருந்து, எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு தோட்டம் வேண்டும். அந்தத் தோட்டத்தை நாமே தொடங்கலாம் என்பது என் கட்சி.

முதலில் அரண்மனையைப் பற்றிச் சில வார்த்தைகள். பெயர் டச்சு அரண்மனை என்றாலும் கட்டியவர்கள் போர்த்துகீசியர்கள். 1555-ஆம் ஆண்டு வாக்கில் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அருகிலிருந்த கோயிலொன்றைக் கொள்ளையிட்டதால் உண்டான மனக்கசப்பைத் தீர்ப்பதற்காகக் கொடுத்த பரிசு என்று சொல்வதுண்டு. பிறகு 1663-இல் போர்த்துகீசியரை வென்று கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்தார்கள். பழுது பார்த்தவன் பெயர் நிலைத்தது. கட்டியவன் பெயர் மறைந்தது. வீடு கட்டியவர்களுக்கு இந்த நியாயம் புரியும்!

வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையடித்த சாதாரண ஓட்டு வீடு போலத்தான் இருக்கும். மைசூர் அரண்மனையைப் பார்த்த கண்ணோடு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். உள்ளே கேரள நாலுகெட்டு முறைப்படி நடுவில் முற்றம், அதில் கொச்சி அரச குடும்பத்தின் குலதெய்வமான பழையன்னூர் பகவதி கோயில். வளைவுகளும் தடித்த சுவர்களும் ஐரோப்பிய முறை. மரக்கூரையும் முற்றமும் நம் நாட்டு முறை. மன்னர்களின் பட்டமேற்பு மண்டபத்தில் இப்போது கொச்சி அரசர்களின் பெரிய உருவப்படங்களும், பல்லக்குகளும், வாள்களும் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவிடம் இது.

மாடியில் உள்ள தரையைக் குனிந்து பாருங்கள். பளபளவென்று கருப்புப் பளிங்கு போல் இருக்கும். ஆனால் அது கல்லே அல்ல. எரித்த தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, செடிச் சாறுகள், முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றைக் கலந்து இழைத்த தரை என்கிறார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் முட்டை வெள்ளைக்கரு பூசி மெருகேற்றுவார்களே, அதன் உறவு. காலடியில் தோட்டமும் சமையலறையும் இருப்பது தெரியாமல் நாம் பளிங்கென்று நினைத்து நடந்து போகிறோம்.

இனி சுவருக்கு வருவோம். பள்ளியறையில் ஏறக்குறைய 300 சதுர அடிப் பரப்பில் இராமாயணம் தீட்டப்பட்டிருக்கிறது. பெரும்பகுதி பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தசரதரின் புத்திர காமேஷ்டி யாகத்திலிருந்து கதை தொடங்குகிறது. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே கோடு கிழித்துப் பிரிக்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்று முளைத்துக்கொண்டே போகிறது. ஓரங்குலம்கூட வெற்றிடம் கிடையாது. கீழ் அறைகளில் சிவனும் பார்வதியும், எட்டுக் கோபியரோடு இருக்கும் கண்ணனும் இருக்கிறார்கள். மாடிப்படி இறங்கும் அறையில் முடிக்கப்படாத ஓவியம் ஒன்றும் உண்டு. என் பேத்தி அதிகம் இரசித்தது அதைத்தான். முடிந்த ஓவியம் முடிவை மட்டும் காட்டுகிறது. முடியாத ஓவியம் வேலை நடந்த விதத்தைக் காட்டுகிறது.

அந்த வேலைதான் எப்படி நடந்தது? கேரளச் சுவரோவிய மரபு அதற்கு விரிவான பதில் வைத்திருக்கிறது. 1989-இல் குருவாயூர் தேவஸ்வம் தொடங்கிய சுவரோவியப் பள்ளியில் அந்த மரபைக் கற்றுக் கொடுக்கிறார்கள். சுண்ணாம்பையும் மணலையும் வெறும் தண்ணீரில் குழைப்பதில்லை. கடுக்காய் ஊறிய சாறும் வெல்லமும் சேர்த்துக் குழைத்துப் பூசுவார்கள். அடுத்த பூச்சில் பஞ்சையும் சேர்ப்பார்கள். அதன் மேல் சுண்ணாம்பை இளநீரில் கலந்து இருபத்தைந்து முப்பது முறை மெல்லியதாக அடிப்பார்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே ஓவியர் கை வைப்பார்.

வண்ணங்கள் ஐந்தே ஐந்து. மஞ்சளும் சிவப்பும் காவி மண்ணிலிருந்தும் செம்மண் கல்லிலிருந்தும் வருபவை. கருப்பு, எண்ணெய் விளக்கின் புகைக்கரி. வெள்ளை, சுண்ணாம்பு. ஐந்தாவதுதான் என் பேத்தி கேட்ட பச்சை. மரபு சொல்லும் முறைப்படி அது ஒரே இலையின் சாறு அன்று. இரண்டு தாவரங்களின் கலப்பு. நீலம் தருவது மலையாளத்தில் நீலமரி அல்லது அமரி என்று சொல்லும் செடி. மஞ்சள் தருவது 'எரவிக்கற' என்னும் மரப்பிசின். அந்த மரம் நாம் இங்கு மீன் குழம்பில் போடுகிறோமே குடம்புளி, அதற்குப் பங்காளி. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. இவை சுவரில் ஒட்டிக்கொள்ள வேப்பம் பிசின். தூரிகைக்குப் புல்லின் கதிரும் கன்றுக்குட்டியின் காது மயிரும். சாத்வீகப் பாத்திரங்களுக்குப் பச்சை நிறம் கொடுப்பது வழக்கம். ஆகவேதான் இராமன் பச்சையாக இருக்கிறான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. 2018-இல் நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, நியூயார்க்கில் க்ளாய்ஸ்டர்ஸ் என்ற கலைக்கூடத்துக்கு எங்களை அழைத்துப் போனாள். மன்ஹாட்டனின் வடகோடியில், ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தின் கிளை. ஐரோப்பாவின் இடைக்காலக் கலைக்கென்றே ராக்ஃபெல்லர் பணத்தில் அமைத்து 1938-இல் திறந்தார்கள். மடாலயத்தின் நடு முற்றத்தைச் சுற்றித் தூண்வரிசையோடு ஓடும் நடைக்குத்தான் அந்தப் பெயர். நம் கோயில்களின் திருச்சுற்று மாளிகையை நினைத்துக்கொண்டால் போதும்.

அங்குள்ள தூண்கள் அமெரிக்காவில் செதுக்கியவை அல்ல. பிரெஞ்சு தேசத்தில் கைவிடப்பட்டுச் சிதறிக் கிடந்த மடாலயங்களின் கற்களை ஜார்ஜ் கிரே பார்னார்டு என்ற சிற்பி தேடித் தேடிச் சேர்த்தார். அவை கடல் கடந்து வந்தன. பிறந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுத்த கற்களை வேறொரு கண்டத்தில் அடுக்கி வைத்தால் அவற்றுக்கு உயிர் எங்கிருந்து வரும்? அதற்கு அந்த நிர்வாகம் கண்டுபிடித்த வழி தோட்டம். முற்றங்களில் இடைக்கால ஐரோப்பியர் வளர்த்த செடிகளையே வளர்க்கிறார்கள். ஒரு முற்றத்தில் மட்டும் 250 வகைக்கு மேல். மருந்துக்கு உரியவை ஒரு பாத்தி, சமையலுக்கு உரியவை ஒரு பாத்தி, சாயத்துக்கு உரியவை ஒரு பாத்தி என்று பயன்பாட்டின்படி பிரித்திருக்கிறார்கள்.

அந்தச் சாயப் பாத்தியின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை. உள்ளே ஒற்றைக் கொம்புக் குதிரையை வேட்டையாடும் காட்சிகளை நெய்த ஏழு பெரிய திரைச்சீலைகள் இருக்கின்றன. 1500-ஆம் ஆண்டை ஒட்டி நெய்தவை. அவற்றின் வண்ணங்கள் முக்கியமாக மூன்று செடிகளிலிருந்து வந்தவை: மஞ்சளுக்கு வெல்ட், சிவப்புக்கு மேடர், நீலத்துக்கு வோட். அந்தச் செடிகளே வெளியே பாத்தியில் நிற்கின்றன. திரைச்சீலையைப் பார்த்துவிட்டு வெளியே வரும் குழந்தை செடியைப் பார்க்கிறது. மறுபடி உள்ளே ஓடித் திரைச்சீலையைப் பார்க்கிறது. "எந்த இலை?" என்ற கேள்விக்கு அங்கே யாரும் மழுப்ப வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதி. மேடர் செடிக்கு நம் நாட்டு உறவு மஞ்சிட்டி. வோட் இலையிலிருந்து கிடைக்கும் நீலமும் அவுரியிலிருந்து கிடைக்கும் நீலமும் ஒரே வேதிப்பொருள்தான். ஆனால் அவுரியில் அது மிகுதி. கடல் வழி திறந்த பிறகு இந்திய நீலம் மூட்டை மூட்டையாகப் போய் இறங்கவே, ஐரோப்பிய வோட் விவசாயம் நொடித்துப் போயிற்று. 'இண்டிகோ' என்ற சொல்லுக்கே 'இந்தியப் பொருள்' என்றுதான் பொருள். ஆக, நியூயார்க் திரைச்சீலையின் நீலமும் கேரளச் சுவரோவியத்தின் பச்சைக்குள் ஒளிந்திருக்கும் நீலமும் ஒன்றே. இதை அறிய மகள் வீட்டுக்கு விமானம் ஏறிப் போய்த் திரும்பி, பேத்தியிடம் தலை குனிந்த பிறகுதான் எனக்கு வழி பிறந்தது.

மட்டாஞ்சேரிக்கு ஒரு பெருமை உண்டு. க்ளாய்ஸ்டர்ஸ் கற்கள் பெயர்த்து வந்தவை. மட்டாஞ்சேரி ஓவியங்களோ தீட்டிய சுவரிலேயே, தீட்டிய அறையிலேயே, தீட்டிய ஊரிலேயே இருக்கின்றன. அந்தச் செடிகளும் மரங்களும் இதே மண்ணில், இதே மழையில் வளர்பவை. ஆயினும் சுவரையும் செடியையும் ஒன்றாகப் பார்க்க நாம் பழகவில்லை. பெயர்ந்து போனவர்கள் தோட்டம் போட்டுத் தேடுகிறார்கள். இருந்த இடத்திலேயே இருப்பது கண்ணில் படுவதில்லை.

கொச்சி இதில் புதிய ஊருமன்று. உலகமே மதிக்கும் தாவர நூல் ஒன்று பிறந்தது இங்கேதான். மலபாரின் டச்சு ஆளுநராக 1670 முதல் 1677 வரை கொச்சியில் இருந்த வான் ரீட் என்பவர் முன்னின்று தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' அது. 'மலபாரின் தோட்டம்' என்று பொருள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. எழுநூறுக்கு மேற்பட்ட செடிகொடிகள் படத்தோடு அதில் உள்ளன. விவரம் சொன்னவர்களில் முக்கியமானவர் சேர்த்தலைப் பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதன். கொச்சியிலிருந்த கொங்கணிப் பண்டிதர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் மூவரும் துணை நின்றார்கள். மலையாளத்தில் சொன்னது போர்த்துகீசிய மொழி வழியாக லத்தீனுக்குப் போயிற்று. லத்தீனில் பூட்டிக் கிடந்ததைக் கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே.எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து ஆங்கிலத்திலும் (2003) மலையாளத்திலும் (2008) தந்தார்.

முதல் பாகத்தில் 'அமரி' இருக்கிறது. நம் அவுரிதான் அது. ஒரு டச்சுக்காரர், ஒரு ஈழவ வைத்தியர், மூன்று கொங்கணிப் பண்டிதர்கள், நடுவில் போர்த்துகீசிய மொழி. நாலு தேசத்தார் கூடி ஒரு தோட்டத்தை எழுதிய ஊர் இது. அந்த ஊரில் தமிழருக்குப் பங்கு கேட்பது அதிகப்படியாகாது.

"அது மலையாளிகளின் சொத்து, நமக்கென்ன?" என்று சில அன்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்வேன்.

ஒன்று, ஃபோர்ட் கொச்சியில் வெளிக்கு அருகே தோபி கானா இருக்கிறது. அங்கே துணி வெளுப்பவர்களின் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடுப்பு வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். இன்றும் அவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். நாம் வருவதற்கு முன்பே நம் மொழி இங்கு கரை ஒதுங்கி, கஞ்சி போட்டு, காய வைத்து, மடித்து வைத்திருக்கிறது. கொச்சித் தமிழர் சரித்திரம் நம் நியமன உத்தரவோடு தொடங்கவில்லை.

இரண்டாவது, பத்மநாபபுரம் அரண்மனை. அது இருப்பது தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில். 1956-இல் எல்லை பிரிந்தபோது நிலம் நமக்கு வந்தது. அரண்மனையைப் பராமரிப்பது இன்றுவரை கேரள அரசின் தொல்லியல் துறை. அங்கும் மாடியறையில் இதே மரபுச் சுவரோவியங்கள் உள்ளன. தமிழ்நாட்டு நிலத்தில் உள்ள ஓவியங்களை அவர்கள் ஒட்டடை அடித்துக் காக்கிறார்கள். அவர்கள் ஊர்ச் சுவரை நாம் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்? இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்திலும் சுவர்களில் இராமாயணம் இருக்கிறது. இரண்டையும் பார்த்த குழந்தை, ஒரே கதையை இரண்டு ஊர்க் கை எப்படித் தீட்டியது என்று தானே ஒப்பிட்டுக்கொள்ளும்.

எனக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள். என் பேரன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஒரு நாள், "தாத்தா, பள்ளிக்கூடத்துல சொந்த ஊர் எதுன்னு கேட்டாங்க. மதுரைன்னு சொல்றதா, தோப்பும்படின்னு சொல்றதா?" என்று கேட்டான். மதுரைக்கு விடுமுறையில் போனால் அவனை 'மலையாளத்தான்' என்கிறார்கள். இங்கே 'தமிழன்' என்கிறார்கள். க்ளாய்ஸ்டர்ஸில் பார்த்த தூண்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. பெயர்த்து நட்ட கல்லுக்கு அருகே ஒரு செடியாவது வேண்டும்.

செடி எதிர்பாராமல் கிடைத்தது. நான் நீலமரி தேடுவதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுச் சேச்சி, தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதற்காகத் தாம் வளர்த்து வந்த செடியிலிருந்து ஒரு கன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அவுரியாச்சே! எங்க அம்மா நரைக்கு அரைச்சுப் பூசுவாங்களே!" என்று கூவினாள். சேச்சிக்கு அவுரி என்ற பெயர் தெரியாது. என் மனைவிக்கு நீலமரி என்ற பெயர் தெரியாது. செடி மட்டும் இரண்டு பேருக்கும் தெரிந்தது. திண்டிவனம் பக்கத்தில் இன்றும் சாயத்துக்காகப் பயிராகும் அதே செடி. என் பேரன் ஒரு அட்டையில் மலையாளத்தில் 'நீலமரி' என்று எழுதினான். அதன் கீழே தமிழில் 'அவுரி' என்று எழுத என்னிடம் எழுத்துக் கேட்டான். பல மாதங்களாக நான் கெஞ்சியும் எழுதாதவன், ஒரு செடிக்காகத் தானே கேட்டு எழுதினான்.

ஆகவே நம் சங்கச் செயற்குழுவுக்கு மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டு விழாச் சுற்றுலாவில் ஒரு நாளைக்கு எட்டு இடம் என்பதை விட்டுவிட்டு, ஒரு காலை முழுவதையும் மட்டாஞ்சேரிக்கே ஒதுக்குவோம். வெள்ளிக்கிழமை அரண்மனை மூடியிருக்கும்; அதைத் தவிர்த்து வேறு நாள் வைக்கலாம். பத்துப் பத்துக் குழந்தைகளாகப் போகட்டும். ஒவ்வொரு குழுவோடும் இராமாயணம் சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியோ தாத்தாவோ போகட்டும். எந்த மதத்துக் குழந்தையானாலும் கதை கேட்கத் தடையில்லை. அருகிலேயே 1568-இல் கட்டிய யூதர் ஜெபாலயமும் அதன் சீன ஓடுகள் பதித்த தரையும் இருக்கின்றன. அவற்றையும் அதே நிதானத்தோடு பார்க்கலாம். சுவரைத் தொடக்கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லி அழைத்துப் போக வேண்டும். நானூறு ஆண்டு நின்ற வண்ணத்துக்கு நம் விரல் வியர்வைதான் முதல் எதிரி.

இரண்டாவது, சங்கக் கட்டடத்தின் மொட்டை மாடியில் பத்து மண் தொட்டிகளில் ஒரு வண்ணத் தோட்டம் போடுவோம். அவுரி, மஞ்சள், மருதாணி, கிடைத்தால் மஞ்சிட்டி. வேம்பும் கடுக்காயும் மரமாக வளர்பவை. அவற்றின் பிசினையும் காயையும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் கண்ணாடிப் புட்டியில் வைக்கலாம். காவி மண்ணும் செம்மண் கல்லும் நம் காலடியிலேயே கிடக்கின்றன. எரவிக்கற தரும் மரம் மலைக்காட்டில் வளர்வது. அதற்குப் பதில் ஒரு குடம்புளிக் கன்று வைத்து, உறவைச் சொல்லிக் கொடுப்போம். ஒவ்வொன்றின் மேலும் தமிழிலும் மலையாளத்திலும் பெயர் எழுதுவது குழந்தைகளின் வேலை. ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும் பிள்ளைகளை இந்தத் தொட்டிகள் வரவழைக்கும் என்பது என் நம்பிக்கை.

மூன்றாவது, அரண்மனை வளாகத்திலேயே இப்படி ஒரு சிறு பாத்தி அமைக்க வேண்டுமென்று, இங்குள்ள மற்ற மொழிச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு தொல்லியல் துறைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவோம். இது நடவாத காரியமன்று. திருப்பூணித்துறையில் உள்ள ஹில் பேலஸ், 1865-இல் கட்டிய கொச்சி அரசர்களின் மாளிகை. அங்கே 54 ஏக்கர் வளாகத்தில் அருங்காட்சியகத்தோடு மூலிகைத் தோட்டமும் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் 54 ஏக்கர் வேண்டாம். 54 சதுர அடி போதும். சுவருக்கு ஈரம் படாத தூரத்தில் அமைக்க வேண்டும் என்பதை அத்துறையினர் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

"அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும்?" என்ற கேள்வி செயற்குழுவில் எழும். எழட்டும். விண்ணப்பத்துக்குப் பதில் வர எத்தனை ஆண்டாகுமோ! அதற்குள் என் பேரன் கல்லூரிக்குப் போய்விடுவான். தொட்டியில் விதை போடுவதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

வருகிற விடுமுறைக்கு மதுரைக்காரர்கள் மறுபடியும் வருவதாகக் கடிதம்... இல்லை, வாட்ஸ்அப் வந்திருக்கிறது. பேத்தி ஒரே ஒரு வரிதான் அனுப்பியிருந்தாள்: "தாத்தா, பச்சை கண்டுபிடிச்சீங்களா?" நான் பதில் எழுதுவதற்குள் என் பேரன் கைப்பேசியைப் பிடுங்கி, மாடித் தொட்டியில் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்த அவுரிச் செடியைப் படம் பிடித்து அனுப்பிவிட்டான். படத்தின் கீழே அவனே தமிழில் எழுதியிருந்தான்: 'எங்க ஊர்ச் செடி.'

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.